ஏறக்குறைய தினமும்

ஜூரோங் பலதுறை மருந்தகம், நான்காம் மாடி, அறை பதினொன்று.
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
டாக்டர் இங் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பேன்,
வரும் பதிலை ஆங்கிலத்தில் இறக்கி வைப்பேன்.
அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.
மொழிபெயர்ப்பாளர் விதி அது.
ஒரு நாளில் ஆறு பேருடைய "நான்"
என் வாய் வழியே போகும்.

கடந்த இரண்டு வாரங்களில், என்று தொடங்கும் தாள்.
ஒன்பது கேள்வி, நான்கு கட்டம்.
இல்லவே இல்லை. சில நாள். பாதிக்கு மேற்பட்ட நாள்.
ஏறக்குறைய தினமும்.

செங்குட்டுவன் துவாஸ் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறார்.
மூன்று முறை நெஞ்சைப் படம் எடுத்தார்கள்,
மூன்று முறையும் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது.
"ஆனா அடைக்குதும்மா.
மேல கூண்டுல இருக்கறப்போ
யாரோ வெளிய பூட்டிட்டுப் போன மாதிரி.
செத்துருவேன்னே தோணும், பத்து நிமிஷம்.
அப்புறம் ஒண்ணுமில்ல, தகட்டைத் தூக்குவேன்."

டாக்டர் ஒரு சொல் சொன்னார்.
அகராதி அதைப் பீதி என்கிறது.
பீதி செய்தித்தாளில் ஊரெல்லாம் பரவுவது.
இவருடையது எங்கும் பரவவில்லை,
தரைக்கு நாற்பது மீட்டர் மேலே குடியிருக்கிறது.
திடீர்ப் பயம் என்று சொல்லிப் பார்த்தேன்.
"பயமெல்லாம் இல்லீங்க," என்றார், முகம் சிவந்து.

"விடுதியில மறை கழண்டவன்னு சொல்றானுங்க.
கிரேன்ல மறை கழண்டா எழுதி வைக்க நோட்டு உண்டு.
நான் நார்மலா இல்லையா,
அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இயல்பு என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது.
அது அவன் இயல்பு என்றால் அவனுக்கு மட்டும் உரியது.
இயல்பு நிலை என்றாலோ எல்லாருக்கும் பொது.
எந்தப் பக்கம் பிடித்துக் கொடுப்பது?
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
எத்தனை பேருக்கு இப்படி என்று எண்ணுவதில்லையாம்.
எவ்வளவு நாளாக, எவ்வளவு வேதனை,
அதனால் எதெல்லாம் நின்றுபோனது என்று பார்ப்பாராம்.
"கூண்டுக்குப் போறது நின்னு போச்சு," என்றார் செங்குட்டுவன்,
அதுவரை சொல்லாததை.
"நாலு நாளா."

மீனலோசனி அடுப்பைப் பதினேழு முறை பார்க்கிறவர்.
ஐந்து முறை வரை பொறுப்பான மருமகள்,
பத்துக்கு மேல் மாமியார் எண்ணத் தொடங்கினார்.
கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினால் பக்தி,
நூற்றெட்டென்றால் வேண்டுதல்.
அணைந்த அடுப்பைச் சுற்றுவதற்கு
ஒரு பெயரும் வைக்காமல் விட்டிருக்கிறோம்.
"அணைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியும்.
கைக்குத் தெரிய மாட்டேங்குது."
இதை ஆங்கிலத்தில் சொல்ல வெகுநேரம் ஆனது எனக்கு.

மாலை லேக்சைடில் இறங்க வேண்டும்.
கதவு திறந்தது, மூடியது. பார்த்துக்கொண்டிருந்தேன்.
துவாஸ் லிங்க் வரை போனேன், இம்மாதம் நான்காம் தடவை.
தூரத்தில் கிரேன் உச்சிகளில் சிவப்பு விளக்குகள்.
வீட்டில் பிரிக்காத கடிதங்கள்,
போன வாரத்துச் சோற்றுப் பானை.
என்னைக் கேட்டால் களைப்பு என்பேன்.
கேட்க ஆளில்லாததால் அதுவும் சொல்லவில்லை.

மறு வியாழன் மீனலோசனி வந்தார்.
மூன்றாம் கேள்வி, தூக்கம்.
தமிழில் கேட்டேன். அவர் கைப்பையின் பூட்டைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தார், பதிலில்லை.
"நான் மூன்று மணிக்கு விழித்துவிடுகிறேன்,
சுவரைப் பார்த்துக்கொண்டே விடிகிறது,
ஏறக்குறைய தினமும்,"
என்றேன் ஆங்கிலத்தில்.

டாக்டர் இங் கட்டத்தில் பேனாவை வைத்தார்.
எடுத்தார்.
மீனலோசனி பூட்டுவதை நிறுத்தி
என்னைப் பார்த்தார்.
"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே," என்றார் தமிழில்.

அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.